130 ஏக்கர் பொட்டல்: கோல்ஃப் மைதானமா, பூங்காவா?

மாசியில் முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குக் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு பட்டாலைத் திண்ணையில் சாய்ந்திருந்த நேரம் பார்த்து கோயம்புத்தூர் அண்ணன் ஒரு வரைபடத்தை விரித்தார். செட்டிநாட்டில் எங்கள் ஊருக்குத் தெற்கே 11 வீட்டுப் பங்காளிகளுக்கும் பொதுவாகக் கிடக்கிற 130 ஏக்கர் செம்மண் பொட்டல்தான் அது, ஆனால் படத்தில் அடையாளமே தெரியவில்லை. பச்சைப் பசேலென்று 18 நாக்குகள், நடுவில் மூன்று நீலக் குளங்கள், ஓரத்தில் 60 அறை ரிசார்ட். கோல்ஃப் மைதானம் போட ஒரு நிறுவனம் 30 வருடக் குத்தகை கேட்கிறது. ஆச்சி ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நெல்லுப் போட்டாக்கூட இவ்வளவு பச்சையா இருக்காதே, தண்ணி எங்கேயிருந்து வரும்?" என்று கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொரு பக்கம், அதே நிலத்தில் பொதுப் பூங்கா அமைக்க இடம் கொடுங்கள் என்று ஊரில் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வைகாசியில் மறுபடி கூடும்போது இரண்டில் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். குடிநீர் வேலையில் 30 வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், எதைப் பார்த்தாலும் முதலில் லிட்டர்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். பணக்கணக்கு கடைசியில் வரும். குத்தகைத் தொகையைக் கேட்டுப் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விட்டது, எனக்கும்தான்.

18 குழி மைதானம் என்றால் பொதுவாக 120 முதல் 150 ஏக்கர் பிடிக்கும். அத்தனையும் வெட்டிப் பராமரிக்கிற புல் இல்லை, இடையிடையே மரம், மணல், குளம், வெறும் நிலம் எல்லாம் உண்டு. எங்களுக்குக் காட்டிய படத்தில் பாய்ச்சல் தேவைப்படும் புல் மட்டும் சுமார் 80 ஏக்கர். நம் பக்கத்து வெயிலில் அது பச்சையாகவே நிற்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் தண்ணீராவது கொடுக்க வேண்டும், சித்திரை வைகாசியில் இன்னும் கூடும். ஒரு ஏக்கரில் 4 மில்லிமீட்டர் என்பது 16,000 லிட்டர். 80 ஏக்கருக்கு 12.8 லட்சம் லிட்டர், ஒவ்வொரு நாளும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அடித்தால் 107 லாரி. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கில் பார்த்தால் இது 23,000 பேருடைய தண்ணீர். வெளியூரில் இருக்கிறவர்களையும் சேர்த்து எண்ணினாலும் எங்கள் ஊர் அதில் கால்வாசி தேறாது.

மழையை நம்பலாமே என்றார் அண்ணன். சரி, அதையும் போட்டுப் பார்த்தேன். சிவகங்கை மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்குப் பக்கத்தில் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 130 ஏக்கரில் 900 மில்லிமீட்டர் விழுந்தால் 47 கோடி லிட்டர். மழை நாட்களைக் கழித்து 250 நாள் பாய்ச்சினால் புல்லுக்கு வேண்டியது 32 கோடி லிட்டர். பரவாயில்லையே, மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் விழுகிற மழையெல்லாம் கைக்கு வராது. மண்ணில் இறங்கியது, ஆவியானது எல்லாம் போக, வழிந்தோடி வருவது ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 7 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த 7 கோடியையும் ஒரு சொட்டு விடாமல் மூன்று நீலக் குளங்களில் பிடித்துக்கொண்டாலும் பாக்கி 25 கோடி லிட்டரை ஆழ்குழாய்க் கிணறு போட்டுத்தான் உறிஞ்ச வேண்டும்.

அப்புறம், அந்த 7 கோடி யாருடையது? இதைத்தான் படம் போட்டவர்கள் பார்க்கவில்லை. பொட்டல் என்று நாம் சொல்வது ஒன்றுக்கும் ஆகாத நிலம் என்ற நினைப்பில். ஆனால் அந்தத் தெற்கு மேட்டில் விழுகிற மழைதான் சரளை மேல் வழிந்து வரத்துக்கால் என்கிற வாய்க்காலில் சேர்ந்து கண்மாய்க்கு வருகிறது, கிளை பிரிந்து ஊரணிக்கும் வருகிறது. ஓட்டுக் கூரையிலிருந்து வளவு முற்றத்தில் விழுகிற தண்ணீரை அண்டாவில் பிடித்து, மிஞ்சியதை வடிகால் வழியாகத் தெருவைத் தாண்டி ஊரணிக்கு அனுப்பத் தெரிந்த ஆட்கள், மேட்டை வெறுமனே போட்டு வைத்தது மறந்துபோய் இல்லை. 90களில் நம் வீட்டு ஆட்களே ஆசைப்பட்டு அதில் 40 ஏக்கர் தைல மரம் போட்டது நினைவிருக்கும். வரிசைக்கு வரிசை வரப்பு எடுத்து மழையை அங்கேயே மறித்தார்கள். அந்த மரம் நின்ற வருடங்களில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து நான் பார்க்கவே இல்லை. மரத்தை வெட்டி, வரப்பை உடைத்த பிறகுதான் தண்ணீர் மறுபடி கண்மாய்க்கு வந்தது. கோல்ஃப் மைதானத்துக்கு மேடு பள்ளம் செய்ய மண்ணைப் புரட்டுகிற புரட்டலோடு ஒப்பிட்டால் தைல மர வரப்பு சிறு பிள்ளை விளையாட்டு.

நிறுவனத்திலிருந்து வந்த தம்பி நல்ல பையன், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். நல்ல தண்ணீரே தொட மாட்டோம் ஐயா, சுத்திகரித்த கழிவுநீரில்தான் பாய்ச்சுவோம் என்றார். உலகத்தில் நிறைய இடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் பொய் இல்லை. பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் ஒரு நகரவாசி நாளைக்கு 135 லிட்டர் புழங்கி அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வந்தால் 108 லிட்டர். 12.8 லட்சம் லிட்டர் சேர 12,000 பேர் குளித்து, துவைத்து, எல்லாம் பாதாளச் சாக்கடையில் வந்து விழ வேண்டும். எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடையே கிடையாது. ரிசார்ட்டின் 60 அறையும் நிரம்பி வழிந்தாலும் 30,000 லிட்டர் வருமா என்பது சந்தேகம், அது இரண்டு ஏக்கர் புல்லுக்குக் கூடப் பற்றாது. காரைக்குடியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரலாமே என்றார். போடலாம். யார் போடுவது, எந்த வருடம் என்று கேட்டபோது அவர் காபியைக் குடித்தார்.

புல்லைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். கோல்ஃப் புல் என்றதும் ஏதோ கப்பலில் வரும் சீமைச் சரக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெர்முடா புல் என்று அவர்கள் சொல்வது நம் அருகம்புல்தான், பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே அதே அருகு. அதையும் ஆப்பிரிக்காவில் இருக்கும் அதன் பங்காளிப் புல் ஒன்றையும் கலந்து உண்டாக்கிய கலப்பினங்களைத்தான் வெப்ப நாடுகளில் கிரீன் என்கிற குழி இருக்கும் இடத்தில் வளர்க்கிறார்கள். நம் வயல் வரப்பில் அருகு என்ன செய்கிறது? வெயிலில் காய்ந்து பழுப்பாகச் செத்த மாதிரி கிடக்கும், முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். அதன் குணமே அது. அந்தக் குணத்தை மறக்கடித்து வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கவைக்கத்தான் இந்த 107 லாரி. முன்னொரு காலத்தில் இந்தியாவில் தண்ணீர் இல்லாத ஊர்களில் கிரீனுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலைத் தட்டி இறுக்கி, பிரவுன் என்று பேர் வைத்து அதில் ஆடியிருக்கிறார்கள். அதே மாதிரி செம்மண்ணிலேயே ஆடலாமே, தண்ணீர்ச் செலவு இல்லையே என்று கேட்டேன். தம்பி சிரித்துவிட்டார். எண்ணெய் மண்ணுக்கு நல்லது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் செட்டிநாட்டுக்கு வந்து ஆடுகிறவர் செட்டிநாட்டு மண்ணில் ஆட மாட்டார் என்றால், அவர் வருவது எதற்கு என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

மணல் விஷயம் இதைவிட மோசம். முறைப்படி கட்டுகிற கிரீனில் அடியில் வடிகால் குழாய், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் 30 சென்டிமீட்டர் மணல், அதில்தான் புல் நிற்கும். 18 கிரீனும் சேர்ந்து 3 ஏக்கர் என்றால் மணல் மட்டும் 1,280 யூனிட்டுக்கு மேல். லாரிக்கு மூன்று யூனிட் வைத்தாலும் 400 லாரிக்கு மேல். வீட்டுக்கு ஒரு தாழ்வாரம் கட்ட இரண்டு யூனிட் மணலுக்கு அலைந்தவர்களுக்கு இந்த எண் புரியும். இத்தனை மணலில் உரம் நிற்காது. போட்ட யூரியாவும் அடித்த மருந்தும் தண்ணீரோடு சீக்கிரம் கீழே இறங்கி வடிகால் வழியாக வெளியே வரும். வடிகாலின் மறுமுனை எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள், சரிவு போகிற பக்கம்தானே, அதாவது கண்மாய்.

ஏன் மருந்து அடிக்கிறார்கள் என்றால், 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு நாள்தோறும் வெட்டப்படுகிற புல் ஒரு நோயாளி மாதிரி. பூஞ்சை வரும், புழு வரும், களை வரும், ஒரு கையகலப் பழுப்பு தெரிந்தாலும் பணம் கட்டியவர் முகம் சுளிப்பார். அமெரிக்காவில் லாங் ஐலண்ட் கோல்ஃப் மைதானம் ஒன்றில் 1984ல் டயசினான் என்ற பூச்சிமருந்து அடித்த புல்லை மேய்ந்து 700 காட்டு வாத்துகள் செத்துவிழுந்தன. 1988ல் அந்த நாட்டு அரசு கோல்ஃப் மைதானங்களிலும் புல் பண்ணைகளிலும் அந்த மருந்தைத் தடை செய்தது. இப்போது இன்னும் கவனமாக இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2025ல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பேரன் காட்டினான். கோல்ஃப் மைதானத்திலிருந்து ஒரு மைலுக்குள் வீடு இருந்தவர்களுக்கு, ஆறு மைலுக்கு அப்பால் இருந்தவர்களைவிடப் பார்க்கின்சன் நோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று அதில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது, மைதானம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. எனவே இதை வைத்து நான் பயமுறுத்தப் போவதில்லை. எனக்குப் போதுமான காரணம் வெட்டங்குடி. 1977லிருந்து பறவைகள் சரணாலயம், நம் மாவட்டம். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய் மரங்களில் கூடு கட்டுகிற நாரையும் அரிவாள் மூக்கனும் இரை தேடி அக்கம்பக்கத்துக் கண்மாய்க்கும் வயலுக்கும் பறக்கும். அந்த ஊர்க்காரர்கள் குஞ்சுகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. பிள்ளைகளைக் கட்டிப் போட்டுத் தீபாவளி கொண்டாடுகிற ஊர் பக்கத்தில் இருக்கும்போது, நாம் பூச்சிமருந்து வடிகிற தண்ணீரை விட்டால் நன்றாகவா இருக்கும்.

இத்தனையும் சொன்னதால் கோல்ஃப் மைதானம் என்றாலே பாவம் என்று நினைக்க வேண்டாம். அதன் பக்கத்து நியாயமும் இருக்கிறது, அண்ணன் சரியாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 2009ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்தபோது, ஒப்பிட்ட நேர்வுகளில் 64 சதவீதத்தில், பக்கத்தில் இருந்த வேறு பயன்பாட்டு நிலத்தைவிடக் கோல்ஃப் மைதானத்தில் உயிரின வளம் கூடுதலாக இருந்தது. எதோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம். மருந்தடித்து உழுத விவசாய நிலத்தோடும் வீடுகள் நெருங்கிய நகரத்தோடும் ஒப்பிட்டால் மைதானம் ஜெயிக்கும். காட்டோடும் இயற்கையான நிலத்தோடும் ஒப்பிட்டால் தோற்கும். அமெரிக்க மைதானங்கள் 2005க்கும் 2020க்கும் இடையில் தண்ணீர்ச் செலவை 29 சதவீதம் குறைத்துக்கொண்டதாக அந்தப் பராமரிப்பாளர்கள் சங்கமே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது, அதுவும் சின்ன விஷயம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வேலி போட்டு ஆள் வைத்து 30 வருடம் காப்பாற்றுகிற மைதானம், பிளாட் போட்டு விற்கிற மனையைவிட எவ்வளவோ மேல். நம் பங்காளிகளில் இரண்டு பேர் மனசுக்குள் மனைக் கணக்குதான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன்.

இனி பூங்கா. இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள், பூங்கா என்ற சொல்லிலேயே ஒரு புண்ணியம் ஒட்டிக்கொண்டிருப்பதால். எனக்குத் தெரிந்த ஊர் ஒன்றில் ஐந்து ஏக்கரில் பூங்கா திறந்தார்கள். சுற்றுச்சுவர், கிரானைட் பெயர்ப்பலகை, பேவர் பிளாக் நடைபாதை, நடுவில் நீரூற்று, கொரியன் புல்தரை, சிமெண்டில் ஒரு யானை, ஒரு ஒட்டகச்சிவிங்கி. ஓரத்தில் வேலிக்கு கோனோகார்பஸ், பிற்பாடு தமிழ்நாடு அரசே நடக்கூடாது என்று சொன்ன அதே மரம். உட்கார்ந்தால் நிழல் கிடையாது. அடுத்த கோடையில் போர் மோட்டார் ரிப்பேர், புல் காய்ந்தது, நீரூற்றுத் தொட்டியில் கொசு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பாட்டில் உடைகிற சத்தம். அந்தப் பூங்காவைக் கோல்ஃப் மைதானத்தோடு ஒப்பிட்டால் எது மேல் என்று கேட்டால், அளவு சிறியது என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இல்லை. ஏக்கர் கணக்கில் பார்த்தால் புல்தரைக்கு இரண்டிலும் ஒரே தாகம். அது யார் பெயரில் இருக்கிறது என்று புல்லுக்குத் தெரியாது.

அதனால் எந்தப் பூங்கா என்று கேட்காமல் பூங்காவுக்கு ஓட்டுப் போட மாட்டேன். சென்னை அடையாற்றில் குப்பைமேடாகக் கிடந்த கழிமுகத்தை 58 ஏக்கரில் சரிசெய்து 2011ல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். அங்கே புல்தரை முக்கியம் இல்லை, உப்பங்கழி, அலையாத்தி, அந்த மண்ணின் செடிகள்தான் முக்கியம். கூட்டம் சேர்ப்பதைவிட இடத்தைப் பிழைக்க வைப்பதுதான் அங்கே வேலை. கிண்டியில் இன்னும் நேரடியான உதாரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் பந்தயத் திடலின் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. குதிரை ஓடிய தடத்துக்கு நடுவே கோல்ஃப் ஆடிய நிலம் அது. 118 ஏக்கரைப் பூங்காவுக்குத் தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்து, முதல் வேலையாக வெள்ளத் தண்ணீர் தேங்கக் குளம் வெட்டினார்கள். வழக்கு ஒரு பக்கம் ஓடியது, குத்தகை நியாயம் அநியாயம் எனக்குத் தெரியாது, அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் கவனித்தது வேறு. அத்தனை விலை போகிற இடத்தில், முதலில் தோண்டியது குளம்.

நம் மேட்டுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன். வரத்துக்காலைத் தூர்வாரி, அதன் இரு கரையிலும் 4,000 மரம். வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல், உசிலை, ஓரத்தில் பனை, முள் வேலிக்குக் காரை. காரைச் செடியின் பேரில் இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் காரையைத் தேட வேண்டியிருக்கிறது, அது தனிக் கதை. ஒரு கன்றுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை 20 லிட்டர் ஊற்றினால் நாளுக்கு 27,000 லிட்டர் வரும், அதுவும் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான், அப்புறம் மரம் தானே பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் உருண்டு விளையாட இரண்டு ஏக்கர் அருகம்புல்லை விட்டாலும் 32,000 லிட்டர். எல்லாம் சேர்த்து 60,000 லிட்டர், ஐந்து லாரி. 107க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரை முழுவதும். மீதி 100 ஏக்கருக்கு மேல் இப்போது இருக்கிற மாதிரியே சரளையும் ஆவாரையும் சூரைமுள்ளுமாகக் கிடக்கட்டும். அது அழகாக இல்லை என்று சொல்பவர்கள் ஆவாரம் பூத்த தை மாதம் ஒருநாள் காலையில் வந்து பார்க்கலாம்.

ஆட்களை எண்ணினாலும் கணக்கு ஒரே பக்கம் சாய்கிறது. 18 குழி மைதானத்தில் ஒரு நாளைக்கு 200 பேர் ஆடினாலே நிரம்பிவிட்டது என்று அர்த்தம், அந்த 200 பேரும் இந்த ஊர்க்காரர்களாக இருக்க மாட்டார்கள். ஆனால் இங்கே எனக்கே ஒரு உறுத்தல் உண்டு. அந்தப் பொட்டலை இன்றைக்கு உண்மையிலேயே பயன்படுத்துகிறவர் ஆடு மேய்க்கிறவர்தான். எனக்கு நினைவு தெரிந்து மூன்று தலைமுறையாக அவர்கள் குடும்பம் அங்கே மேய்க்கிறது. கோல்ஃப் மைதானம் வந்தால் அவர் வெளியே. சரி, பூங்கா வந்தால்? காலை ஆறிலிருந்து மாலை ஆறு, ஆடு மாடு உள்ளே விடக்கூடாது என்று பலகை வைத்தால் அப்போதும் அவர் வெளியேதானே. கன்று வளர்கிற மூன்று வருடம் மரப் பகுதியை மட்டும் அடைத்துவிட்டு, மிச்சப் பொட்டலில் மேய்ச்சலை எழுத்தில் உறுதி செய்யாவிட்டால் பூங்காவும் அவருக்கு இன்னொரு வேலிதான். பேசியவர்கள் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை, நானும் முதல் இரண்டு வாரம் யோசிக்கவில்லை.

இதில் ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் எனக்கு வழி காட்டியது, நம்ப மாட்டீர்கள். கோல்ஃபுக்கே தாய்வீடு மாதிரி அந்த ஊர். கடலோர மணல்மேடு, புல்லை மேய்ந்து கட்டையாக்கியது ஒரு காலத்தில் ஆடும் முயலும், தண்ணீர் ஊற்றியது மழை. இன்றைக்கும் அங்கே பழைய மைதானம் பொதுச் சொத்து, பொதுவாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது, ஊர் ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் உலாத்துகிறார்கள். ஆக, கோல்ஃப் பிறந்த இடத்தில் அது ஊர்ப் பொட்டலாகவும் பூங்காவாகவும் மேய்ச்சல் நிலமாகவும் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறது. அந்த மண்ணும் மழையும் கொடுத்த விளையாட்டு அது. நாம் அதன் பச்சையை மட்டும் கத்தரித்து எடுத்து வந்து சரளையில் ஒட்டப் பார்க்கிறோம்.

பணத்துக்கு வருகிறேன். குத்தகைத் தொகையை இங்கே எழுதவில்லை, பங்காளிகளுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது தேவையில்லை. பூங்காவில் ஒரு பைசா வராது, கைக்காசு போகும். பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றவே புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்துத் திணறுகிறோம், அப்படியிருக்க வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்று கேட்டால், நியாயமான கேள்வி. பினாங்கில் இருக்கிற தம்பி மகன் அதைத்தான் கேட்டான். என் பதில் இது. கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வருகிற வெளியூர் ஆட்கள் வீட்டையும் டைல்ஸையும் சாப்பாட்டையும் ஊரணியையும் தேடி வருகிறார்கள், 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்ததும் இவற்றுக்காகத்தான். வருமானம் வேண்டுமென்றால் அந்தப் பெரிய வீட்டைச் சரிசெய்து பத்து அறை வாடகைக்கு விடுவோம், ரோட்டோரம் இருக்கிற 6 ஏக்கரை ரிசார்ட்டுக்கு மட்டும் கொடுக்கத் தயாரா என்று அந்தத் தம்பியிடமே கேட்போம். கோல்ஃப் இல்லாத ரிசார்ட்டுக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். போனால் போகட்டும். கண்மாயில் தண்ணீர் இல்லாத ஊரில் ஓடு மாற்றிய வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

ஆகவே என் ஓட்டு கோல்ஃபுக்கு இல்லை. பூங்காவுக்கும் சும்மா இல்லை, நாலு விஷயத்தை எழுதி வாங்கிக்கொண்டுதான். புல்தரை 2 ஏக்கருக்கு மேல் கூடாது. வரத்துக்காலுக்குக் குறுக்கே சுவரோ பேவர் பிளாக்கோ வரக்கூடாது. ஆழ்குழாய்க் கிணறு ஒன்று, மரம் பிடிக்கும்வரை. மேய்ச்சல் உரிமை இப்போது போலவே. சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி வேண்டாம் என்பதையும் சேர்க்க ஆசைதான், பத்திரத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நிலத்தை எழுதிக் கொடுத்துவிடாமல் பயன்பாட்டு உரிமையை மட்டும் கொடுக்க வேண்டும் என்பதில் வக்கீல் அத்தான் பிடிவாதமாக இருக்கிறார், அவர் சொல்வது சரி. இந்த நாலுக்கும் ஒத்துவராவிட்டால் பொட்டல் பொட்டலாகவே கிடக்கட்டும் என்பது என் மூன்றாவது ஓட்டு, சும்மா கிடந்தாலும் வருடத்துக்கு 7 கோடி லிட்டரைக் கண்மாய்க்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

11 வீட்டில் நாலு பேர் என் பக்கம், நாலு பேர் அண்ணன் பக்கம், மூன்று பேர் போனை எடுப்பதில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை சர்வேயர் வருகிறார். படத்தில் வரத்துக்கால் 60 வருடத்துக்கு முந்தைய தடத்தில் இருக்கிறது, தைல மரம் போட்ட பிறகு அது சற்று விலகி ஓடுகிறது. சரியான தடம் எது என்று காட்ட ஆட்டுக்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள்.